வலி நின்றதும் பல் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்

போன ஆடி மாதம் முக்கூடலில் இருந்து ஒரு மதினி வந்தார். பீடி சுற்றுகிறவர். இடது கன்னம் வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. துண்டை மடித்துக் கன்னத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார். உட்காரவைத்து விசாரித்தேன்.

"ஒரு மாசத்துக்கு முன்னால உயிர் போற மாதிரி வலிச்சுது தாயி. படுத்தா வலி கூடும். எந்திரிச்சு உக்காந்தே விடிய வச்சேன். நாலாம் நாள் தானா நின்னுட்டு. சரியாப் போச்சுன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

அந்த நாலாம் நாள்தான் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்த நாள். நரம்பு செத்தால் வலி நிற்கும். கிருமி நிற்காது. அது வேரின் நுனி வழியாக இறங்கி, எலும்புக்குள் சீழ் கட்டி, ஒரு மாதம் கழித்துக் கன்னத்தில் வந்து நின்றது. டாக்டரம்மா சீழை வடித்து, மருந்து கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு பல்லை எடுத்தார்கள். வலித்த வாரமே வந்திருந்தால் ரூட் கேனல் செய்து, அதாவது கெட்ட நரம்பை மட்டும் எடுத்து உள்ளே அடைத்து, அந்தப் பல்லை வைத்திருக்கலாம். அதற்கும் முன்னால், கறுப்புப் புள்ளியாக இருந்தபோதே வந்திருந்தால் அரை மணி நேரத்தில் அடைத்து அனுப்பியிருப்போம்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் 17 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, சிமெண்ட் குழைப்பது, கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைப்பது, பயந்து வருகிறவர்களோடு பேசுவது எல்லாம் என் வேலை. மருந்து எழுதும் படிப்பு எனக்கு இல்லை, அதனால் மாத்திரை பெயர் எதுவும் இங்கே சொல்லப்போவதில்லை. நாற்காலி பக்கத்தில் நின்று பார்த்ததையும், டாக்டர் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்டதையும் வீட்டில் நீங்கள் செய்கிற மாதிரி எழுதுகிறேன்.

சொத்தை எப்படி விழுகிறது

பல்லுக்குள் புழு கிடையாது. புகை போட்டுப் பூச்சி எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். நம் வாயில் எப்போதும் இருக்கும் கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல் ஓடான எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. எனாமல்தான் நம் உடம்பிலேயே கெட்டியான பொருள், எலும்பை விடக் கெட்டி. ஆனால் அதில் நரம்பு கிடையாது. அதனால் அது கரையும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்குக்கு வந்தால் குளிர்ந்த தண்ணீருக்குக் கூசும். நரம்பைத் தொட்டால்தான் ராத்திரி வலி. ஆக, வலி வருவது கடைசியில். வலியை வைத்துப் பல்லைக் கணக்குப் போட்டால் எப்போதும் பிந்தித்தான் வருவீர்கள்.

சர்க்கரை தின்ற பிறகு வாய் பழைய நிலைக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். எச்சில்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் எவ்வளவு தின்கிறோம் என்பதை விட எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். அல்வா கால் கிலோ வாங்கினால் வீட்டில் எல்லோருமாகச் சாப்பாட்டோடு சாப்பிட்டு முடித்து வாய் கொப்பளித்துவிடுங்கள். டப்பாவில் வைத்துப் போகும்போது ஒரு விரல், வரும்போது ஒரு விரல் என்று எடுத்தால் பல் நாள் பூராவும் அமிலத்தில் கிடக்கும். கோவில்பட்டி கடலை மிட்டாய், முந்திரிக்கொத்து எல்லாம் கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். தின்றதும் ரெண்டு மடக்கு தண்ணீர் ஊற்றிக் கொப்பளிப்பது அப்போது மிகவும் உதவும்.

ஒன்றைச் சொன்னால் எங்கள் பக்கத்து ஆச்சிமார் வருத்தப்படுவார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கருப்பட்டியும் சர்க்கரைதான். சீனியை விட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறியதால் பல் பிழைக்காது. பல்லில் இருக்கும் கிருமிக்கு ரெண்டும் ஒரே தீனி.

துலக்குவது

வருகிறவர்களிடம் ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, "வீட்டில் எப்படித் துலக்குவீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க" என்பேன். பத்தில் எட்டுப் பேர் முன்பல்லில் ஆரம்பித்து, ரம்பம் அறுக்கிற மாதிரி இழுத்து, அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அப்படிப் பல வருடம் துலக்கியவர்களின் பல்லைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஈறு ஓரத்தில், பல்லின் கழுத்தில், அரிவாளால் கொத்தின மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். வலது கைக்காரர்களுக்கு அது இடது பக்கத்தில்தான் அதிகம், அங்கேதான் கை அழுத்தும். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் பட்டால் ஜிவ்வென்று ஏறும்.

செய்ய வேண்டியது இதுதான். மென்மையான நாரு உள்ள பிரஷ் வாங்குங்கள், பாக்கெட்டில் சாஃப்ட் என்று போட்டிருக்கும். பேனா பிடிக்கிற மாதிரி பிடியுங்கள், அப்போது அழுத்த வராது. நாரின் நுனி பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே சின்னதாக அசைத்து, மேல் பல்லுக்குக் கீழ்நோக்கியும் கீழ்ப் பல்லுக்கு மேல்நோக்கியும் தள்ளிவிடுங்கள். ரெண்டு ரெண்டு பல்லாக நகருங்கள். கடைசி கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தில் ஆரம்பியுங்கள், அங்கேதான் யாரும் போவதில்லை. அப்புறம் உள்பக்கம். கீழ் முன்பல்லின் உள்பக்கத்தில்தான் காரை, அதாவது கல்லாக இறுகிய அழுக்கு, முதலில் படியும், எச்சில் சுரப்பி அங்கே திறப்பதால். அதற்குப் பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மொத்தம் ரெண்டு நிமிடம். முதல் வாரம் கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள், ரெண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

காலையில் ஒரு நாள் தப்பினாலும் ராத்திரி தப்பக் கூடாது. தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துபோகும். பல்லில் ஒட்டியிருக்கும் சோற்றுக்கும் சர்க்கரைக்கும் எட்டு மணி நேரம் காவல் இல்லை. ராத்திரி துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் வாயில் போகக் கூடாது. பேஸ்ட்டைத் துப்பிவிட்டு, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவாமல் விடுங்கள். அதில் இருக்கும் ஃப்ளூரைடு கொஞ்ச நேரம் பல்லில் தங்கினால்தான் எனாமலை இறுக்கும். பேஸ்ட் எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, அட்டையில் ஃப்ளூரைடு 1000 பிபிஎம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே என்று இருக்கிறதா பாருங்கள்.

வேப்பங்குச்சியை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் தாத்தா குறுக்குத்துறை படித்துறையில் உட்கார்ந்து நுனியை நன்றாக மென்று நாராக்கிப் பொறுமையாகத் துலக்குவார், கால் மணி நேரம் ஆகும். அந்தப் பொறுமை இருந்தால் செய்யலாம். ஆனால் குச்சி பல்லுக்கு உள்பக்கம் போகாது, அதில் ஃப்ளூரைடும் இல்லை. காலையில் குச்சி, ராத்திரி பேஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் பொடி, அடுப்புக்கரி, ஆற்று மணல் இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். முதல் வாரம் பல் வெள்ளையாகத் தெரியும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது.

பல்லிடுக்கில் பிரஷ் போகாது. அதற்கு ஃப்ளாஸ் என்று நூல் கிடைக்கிறது, இடைவெளி பெரிதாக இருந்தால் குட்டி பிரஷ் கிடைக்கிறது. ஊக்கு, ஈர்க்குச்சி, தீக்குச்சி வேண்டாம், ஈறைக் கிழித்துவிடும். பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். அதற்கு முன்பே நாரு விரிந்துவிட்டால் நீங்கள் அழுத்தித் துலக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

பிள்ளைகளுக்கு

பால்பல் 20. ஆறு மாதம் வாக்கில் முளைக்க ஆரம்பித்து மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முதல் பல் எட்டிப் பார்த்த அன்றைக்கே துலக்கும் வேலை ஆரம்பிக்கிறது. மூன்று வயது வரை பிரஷ்ஷில் ஓர் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி நீளமாகப் பிதுக்க வேண்டாம், பிள்ளைகள் விழுங்கிவிடும். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள் ஒருவர்தான் துலக்கிவிட வேண்டும். பிள்ளையை மடியில் சாய்த்து, பின்னால் இருந்து துலக்கினால் உள்ளே நன்றாகத் தெரியும்.

பால் பாட்டிலை வாயில் வைத்தே தூங்கப் போடுகிற பிள்ளைகளுக்கு மேல் முன்பல் நாலும் கரைந்து, கறுப்புக் குச்சியாக நிற்கும். சூப்பானில் தேன் தொட்டு வைப்பதும் அதே வேலையைச் செய்யும். ஒரு வயதுக்குள் தேன் வேறு காரணத்துக்காகவும் கூடவே கூடாது. "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சொல்லாதீர்கள். கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. அதை முன்கூட்டியே எடுத்தால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு கம்பி போட வேண்டிவரும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஆறு வயதுப் பல். ஆறு வயது வாக்கில், எந்தப் பால்பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் மேலே ரெண்டு, கீழே ரெண்டு என்று புதிதாகப் பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். எதுவும் விழாததால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பால்பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். சீதபற்பநல்லூரில் இருந்து ஒரு தாய் தன் ஒன்பது வயது மகளைக் கூட்டி வந்தார். "அந்த ஆட்டம் போடுற பூச்சிப்பல்லப் புடுங்கிருங்க டாக்டர், எப்படியும் விழப்போறதுதானே" என்றார். டாக்டரம்மா கண்ணாடியை உள்ளே விட்டுக் காட்டினார்கள். ஆடிக்கொண்டிருந்தது பால்பல். சொத்தை விழுந்து பாதி குழியாக நின்றது அதற்குப் பின்னால் இருந்த ஆறு வயதுப் பல். அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தப் பல்லைக் காப்பாற்ற நாலு தடவை வரவேண்டியிருந்தது. வந்தார்கள், பல் நிற்கிறது.

உங்கள் பிள்ளைக்கு ஆறேழு வயது என்றால் இன்று ராத்திரி செல்போன் டார்ச்சைப் போட்டு வாயைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் முன்னால் இருந்து எண்ணினால் ஆறாவதாக ஒரு பல் இருக்கிறதா? இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். அதன் பள்ளத்தில் சீலன்ட் என்று ஒரு பூச்சு போடுவார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, பல்லுக்குப் பத்து நிமிடம் ஆகும். சொத்தை விழுவதைப் பெருமளவு தடுக்கும்.

விரல் சூப்புவது நாலு வயதுக்குள் நின்றால் நல்லது. பல் முன்னால் நீட்டிக்கொண்டோ கோணலாகவோ தெரிந்தால் ஏழு வயதில் ஒரு தடவை காட்டி வையுங்கள். கம்பி அப்போதே போடமாட்டார்கள், எப்போது போட வேண்டும் என்று சொல்வார்கள். போட்டால் பொதுவாக ஒன்றரை, ரெண்டு வருடம். கழற்றிய பிறகு, பல் நகராமல் பிடித்து வைக்கக் கொடுக்கும் ரீடெய்னரை மாட்டாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும்.

நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்வார்கள்

வருகிறவர்கள் பாதி பேர் பயத்தினாலேயே வலியை வளர்த்துக்கொண்டு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பல் சுத்தம் செய்வது. காரை என்பது பல்லில் படிந்த அழுக்கு எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லானது. அது ஆன பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் போகாது. அதிர்கிற ஒரு முனையால் தண்ணீர் பீச்சிக்கொண்டே அதைத் தட்டி எடுப்பார்கள். "சுத்தம் பண்ணினா பல்லு ஆடிரும், தேஞ்சிரும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நான் விழுந்த காரைத் துண்டைப் பஞ்சில் எடுத்துக் காட்டுவேன், மஞ்சளும் பழுப்புமாக, உடைந்த கிளிஞ்சல் மாதிரி இருக்கும். "இதுதான் இவ்வளவு நாளா ஈறைக் கீழே தள்ளிக்கிட்டிருந்தது" என்பேன். அது இருந்த இடம் காலியாவதால் இடைவெளி விழுந்த மாதிரி நாக்குக்குத் தெரியும், சில நாள் கூசவும் செய்யும். ஈறு இறுகியதும் சரியாகும். துலக்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தைத் துலக்காமல் விடாதீர்கள். ரத்தம் வருவதே அங்கே அழுக்கு இருக்கிறது என்பதால்தான்.

அடைப்பது. சொத்தையைக் குடைந்து எடுத்துவிட்டு, பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் பசையை வைத்து நீல வெளிச்சம் காட்டி இறுக்குவார்கள். சின்னச் சொத்தைக்கு ஊசி கூடத் தேவைப்படாது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நான் குழைத்துக் கொடுக்கும் ஒரு வெள்ளைச் சிமெண்ட் வைப்பார்கள், அது ஃப்ளூரைடும் விடும். சிமெண்ட் வைத்தால் அன்றைக்கு ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். கடிக்கும்போது அடைத்த இடம் மட்டும் முன்னால் முட்டினால் மறுநாளே வந்து சொல்லுங்கள், ரெண்டு நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். சகித்துக்கொண்டே இருந்தால் பல் வலிக்க ஆரம்பிக்கும்.

ரூட் கேனல். இந்தப் பெயரைக் கேட்டாலே எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் மரத்துப்போகிற ஊசி. உதடு தடித்த மாதிரி ஆனதும்தான் கை வைப்பார்கள். பல்லின் மேலே சின்னதாகத் துளை போட்டு, கெட்ட நரம்பைத் தலைமுடி கனமுள்ள, ஃபைல் என்கிற கருவிகளால் எடுப்பார்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் மூன்று, நாலு குழாய் இருக்கும். ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து, கழுவி, காயவைத்து, ரப்பர் மாதிரி ஒரு பொருளால் நுனி வரை அடைப்பார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறதில் இதுதான் நுட்பமான வேலை. சில பல்லுக்கு ஒரே நாளில் முடியும், சீழ் இருந்தால் ரெண்டு மூன்று தடவை வர வேண்டும். நடுவில் வலி போய்விட்டது என்று நின்றுவிடாதீர்கள். தற்காலிகமாக வைத்த அடைப்பு கரைந்து உள்ளே எச்சில் போனால் எல்லாம் வீண். அதே போலத்தான் கேப், அதாவது பல்லுக்கு மேல் மாட்டும் உறை. அதையும் போடாமல் விடாதீர்கள். நரம்பு எடுத்த கடைவாய்ப்பல் நாளடைவில் பொரபொரவென்று ஆகும். கேப் போடாமல் விட்டவர்கள் முறுக்கைக் கடித்துப் பல்லை நட்டநடுவே பிளந்துகொண்டு வந்ததை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். பிளந்தால் எடுப்பது தவிர வழியில்லை.

எடுப்பது. மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்பது உண்மை இல்லை. பல்லுக்கும் பார்வை நரம்புக்கும் தொடர்பு கிடையாது. வரும்போது வெறும் வயிற்றில் வராதீர்கள், இட்லியாவது சாப்பிட்டு, தினமும் போடுகிற மாத்திரையைப் போட்டு வாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய வால்வு, எலும்புக்கு ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எது இருந்தாலும் மாத்திரை அட்டையோடு வந்து காட்டுங்கள். ரத்தம் இளகும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அது ரொம்ப ஆபத்து.

எடுத்த பிறகு வைக்கும் பஞ்சை முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடித்திருங்கள். எச்சிலை விழுங்குங்கள், துப்பாதீர்கள். அந்தக் குழியில் உறைகிற ரத்தம்தான் உங்களுக்கு மருந்து. துப்பினாலும், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலும், கொப்பளித்தாலும் அது பெயர்ந்துவிடும். அன்று முழுக்கச் சூடு வேண்டாம், ஆறின கஞ்சி, தயிர்சாதம் போதும். பீடி, சிகரெட், புகையிலை மூன்று நாளுக்காவது கிட்ட வரக் கூடாது. மறுநாளில் இருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, வாயில் வைத்து மெல்லச் சாய்த்து விடுங்கள். வலி மூன்றாம் நாளுக்குள் குறைய வேண்டும். குறைந்து வந்து, மூன்றாம் நாள் திடீரென்று காது வரை ஏறினால் ரத்தக்கட்டி பெயர்ந்திருக்கிறது, உடனே வாருங்கள். பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்தால் ரெண்டு மூன்று மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். மரத்த உதட்டைச் சூயிங்கம் மாதிரி கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

எடுத்த இடத்தை அப்படியே விடலாமா என்று கேட்பார்கள். கடைசி ஞானப்பல் என்றால் விடலாம். மற்றதென்றால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும். கழற்றி மாட்டும் செட், ரெண்டு பக்கப் பல்லையும் செதுக்கிப் போடும் பிரிட்ஜ், எலும்பில் பதிக்கும் இம்ப்ளாண்ட் என்று மூன்று வழி இருக்கிறது. அவரவர் கைக்கு எட்டுவதைச் செய்யலாம். பணம் இல்லை என்று பல்லைக் கெடவிட வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது, காவல்கிணறு பக்கம் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெருவோரத்தில் கம்பி கட்டிப் பல் ஒட்டித் தருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். எங்கள் அம்மா ஒருவரிடம் அப்படி ஒரு முன்பல் ஒட்டிக்கொண்டார். கழற்ற முடியாத அந்தப் பல்லுக்கு அடியில் அழுக்குச் சேர்ந்து, நன்றாக இருந்த ரெண்டு பக்கப் பல்லும் ஒரே வருடத்தில் ஆடிப்போயின. நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது. இப்போது நினைத்தாலும் மனசு ஆறாது.

ராத்திரி வலித்தால்

உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, நூலால் இடுக்கில் இருப்பதை எடுத்துவிட்டு, தலையை உயர்த்தி வைத்துப் படுங்கள். பஞ்சில் கிராம்புத் தைலம் ஒரு சொட்டு தொட்டுக் குழியில் வைக்கலாம், ஈறில் பட விடாதீர்கள். எருக்கம்பால், மூக்குப்பொடி, கற்பூரம் வேண்டவே வேண்டாம். வலி மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைத்துக்கொள்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. அது ஈறை வெள்ளையாக வெந்துபோக வைக்கும். மாத்திரை வயிற்றுக்குப் போனால்தான் வேலை செய்யும். வீக்கத்துக்கு வெளியே இருந்து சூடு ஒற்றாதீர்கள், துணியில் ஐஸ் சுற்றி வையுங்கள்.

வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சு சிரமமானால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேராக ஹைகிரவுண்டுக்குப் போங்கள்.

விழுந்து பல் கழன்றால்

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் பாறை வழுக்கி விழுந்து ஒரு பத்து வயதுப் பையன் வந்தான். முன்பல் முழுசாகக் கழன்றிருந்தது. அப்பா அதைக் கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி, தென்காசியைத் தாண்டி, கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் வந்திருந்தார். பிரித்தபோது பல் காய்ந்திருந்தது. வேரின் மேல் இருக்கும் உயிருள்ள தோல் காய்ந்துவிட்டால் மறுபடி ஒட்டுவது கஷ்டம்.

நீங்கள் செய்ய வேண்டியது: பல்லின் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் இருந்தால் பாலிலோ நல்ல தண்ணீரிலோ பத்து வினாடி அலசுங்கள். முடிந்தால் அதே குழியில் திருப்பிச் செருகி, துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் பக்கத்து டீக்கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கி அதில் போடுங்கள், சூடு காட்டாத பால். அரை மணி நேரத்துக்குள், கிட்டத்தில் இருக்கும் பல் டாக்டரிடம் போங்கள், தெரிந்த டாக்டர்தான் வேண்டும் என்று தூரம் போகாதீர்கள். இது நிலைப்பல்லுக்கு மட்டும். பால்பல் கழன்றால் திருப்பி வைக்கக் கூடாது.

மாசமாக இருக்கும்போது, சர்க்கரை இருக்கும்போது

மாசமாக இருக்கிற பெண்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். பிள்ளை தாயின் பல்லில் இருந்து சத்தை எடுப்பதில்லை, அழுக்குக்கு ஈறு அதிகமாகக் கோபப்படுகிறது, அவ்வளவுதான். நாலில் இருந்து ஆறு மாதம் வரை பல் வேலை செய்துகொள்ள நல்ல நேரம், மாசமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாந்தி எடுத்ததும் துலக்காதீர்கள், அமிலத்தில் இளகிய எனாமல் தேயும். தண்ணீரில் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டுங்கள்.

வெற்றிலை, பாக்கு, போயிலை

எங்கள் குடும்பத்திலும் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். மடியில் சுளகு, பக்கத்தில் வெற்றிலைச் செல்லம். பசி தெரியாமல் இருக்கப் போயிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்கள். அதனால் யாரையும் திட்டிப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் ஒதுக்கி வைக்கிற அதே இடத்தில்தான் புற்று வருகிறது. போயிலை இல்லாமல் வெறும் பாக்கு போட்டாலும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் பாக்கையே புற்று உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. பாக்கெட் பாக்கு மெல்லுகிற வாலிபப் பையன்களுக்கு வாய் உள்ளே நாராக இறுகி, திறக்க முடியாமல் போவதைப் பார்க்கிறோம். காரம் பட்டால் எரியும் என்று ஆரம்பிக்கும்.

மாதம் ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். உங்கள் விரல் மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நெட்டுக்குத்தாக நுழைகிறதா? கன்னத்தை விரலால் இழுத்து உள்ளே பாருங்கள். நாக்கை நீட்டி ரெண்டு ஓரத்தையும் பாருங்கள், நாக்குக்கு அடியிலும் பாருங்கள். தேய்த்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, தடிப்பு, ரெண்டு வாரத்தில் ஆறாத புண் எது இருந்தாலும் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். வலி இல்லாத புண்ணுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். போயிலைப் பழக்கத்தை விட நினைத்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம், பேசி உதவுவார்கள்.

வயதானவர்களுக்கு

அறுபதுக்கு மேல் மாத்திரைகளால் வாய் வறண்டுபோகும். எச்சில் இல்லாவிட்டால், ஈறு இறங்கி வெளியே தெரியும் வேரில் சீக்கிரமே சொத்தை விழும். அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், வறட்சிக்கு மிட்டாய் சப்பக் கொடுக்காதீர்கள்.

பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். மாட்டிக்கொண்டே தூங்கினால் மேல் அண்ணத்தில் சிவந்து பூஞ்சை பிடிக்கும். வெந்நீர் ஊற்றினால் செட் வளையும். பேஸ்ட் போட்டால் கீறல் விழும், குளிக்கிற சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கழுவும்போது கீழே ஒரு வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், கை தவறினாலும் உடையாது. வெளியே போனால் டப்பா கொண்டுபோங்கள். எங்கள் ஆச்சி ஒரு கல்யாணப் பந்தியில் கீழ் செட்டைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்தார். யாரோ இலையை மடித்து எடுத்துப் போட்டுவிட்டார்கள். புதுசு செய்ய ஒரு மாதம் ஆனது, அதுவரை குழைந்த சோறுதான். நாலைந்து வருடத்தில் எலும்பு தேய்ந்து செட் தளரும். அப்போது பழையதையே உள்ளே இறுக்கித் தரச் சொல்லலாம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வாய் சுத்தம் செய்வதை யாரும் சொல்லித் தருவதில்லை. வாயில் ஊறும் கிருமி மூச்சோடு இறங்கி நுரையீரலில் சளிக்காய்ச்சல் கொண்டுவரும். எங்கள் அம்மா இப்போது படுக்கையில்தான் இருக்கிறார். சொந்தப் பல் ஆறு இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குத் தலைமாட்டில் ரெண்டு தலையணை வைத்து உயர்த்தி, முகத்தை என் பக்கம் திருப்பி, கன்னத்துக்கு அடியில் துண்டு விரிப்பேன். சின்னப் பிள்ளைகள் பிரஷ்ஷில் பட்டாணியில் பாதி பேஸ்ட் எடுத்து ஆறு பல்லையும் துலக்குவேன். அப்புறம் சுத்தமான வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஈறு, கன்னத்து உள்பக்கம், நாக்கு எல்லாம் துடைத்து நுரையை எடுப்பேன். தண்ணீர் ஊற்றமாட்டேன், புரையேறிவிடும். கடைசியில் உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவுவேன். மொத்தம் அஞ்சு நிமிடம். முடிந்ததும் அம்மா நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.